டிரெக்டர் டோரீன்

டயகமத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் டோரீனை இன்றைக்கும் "டிரெக்டர்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரை முதலில் பெருமையோடு லயம் லயமாகக் கொண்டுபோனது அவளுடைய அம்மா சவரியம்மாதான். இப்போது அதைச் சொல்கிறவர்கள் வாயைக் கோணிக்கொண்டு சொல்கிறார்கள்.

அட்டனில் டோரீன் குடும்பம் கீழ் வீட்டிலும் நான் மேல் வீட்டிலுமாக வாடகைக்கு இருக்கிறோம். நான் பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு ஆங்கிலம் வரும். ஆனால் வழக்கு என்று வந்தபோது அந்தக் காகிதங்களில் இருந்த ஆங்கிலம் இருவருக்குமே புதிதாக இருந்தது. அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக வாசித்தோம். கொழும்புக்கும் அவளோடு போனேன். அதனால் இந்தக் கதையில் பெரும்பகுதி என் கண்ணெதிரே நடந்தது.

டோரீனின் அப்பா குளவி கொட்டி இறந்தவர். தேயிலைச் செடிகளின் கிளைகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது செடிக்குள் இருந்த கூடு கலைந்துவிட்டது. அப்போது டோரீன் ஆறாம் வகுப்பு, தம்பி சூசை மூன்றாம் வகுப்பு. சவரியம்மா கொழுந்தெடுத்தே இரண்டு பேரையும் வளர்த்தாள். "ரெண்டுல ஒண்ணாவது மலைக்குப் போகாம இருக்கணும்" என்பது அவளுடைய ஒரே பிடிவாதம். டோரீனை அட்டனில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டு உயர்தரம் வரைக்கும் படிக்க வைத்தாள். சூசை ஒன்பதாம் வகுப்போடு நின்று தோட்டத்தில் பேர் பதிந்தான். அக்கா படிக்க வேண்டும் என்பதற்காகத் தான் நின்றதாக அவன் பிற்பாடு சொல்லிக்கொண்டான். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, அவனுக்குக் கணக்கு வரவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போதுமான புள்ளி டோரீனுக்குக் கிடைக்கவில்லை. இக்னேசியஸ் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அவரும் டயகமவில் அடுத்த டிவிஷனில் பிறந்தவர். ஒரே கோயில், ஒரே திருவிழா. அட்டனில் ஒரு சின்ன அறையில் தேயிலைத்தூளைப் பொதி செய்து கடைகளுக்குப் போட ஆரம்பித்து, பிறகு நுவரெலியா ஹோட்டல்களுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் அனுப்பும் அளவுக்கு வளர்ந்தவர். தோட்டத்து ஆள் ஒருவர் முதலாளியானார் என்பதில் எங்கள் எல்லோருக்குமே ஒரு சந்தோஷம் இருந்தது. டோரீன் அங்கே பில் அடித்தாள், போன் எடுத்தாள், பொதி கட்டும் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். ஆட்டோ ஓட்டும் அன்டனைக் கல்யாணம் செய்ததும், மகள் அனுஷ்கா பிறந்ததும் அந்த வேலையில் இருக்கும்போதுதான். அனுஷ்காவுக்கு ஞானத்தகப்பன் இக்னேசியஸ்.

ஒரு நாள் இக்னேசியஸ் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கம்பெனியை லிமிட்டெட் ஆக்கப் போறேன். ரெண்டு டிரெக்டர் இருந்தா பேங்க்ல லோன் லேசா குடுப்பாங்கன்னு கணக்குப் பாக்குற எக்கவுண்டன் சொல்றாரு. என் வூட்டுக்காரி இந்த வேலைக்கு வர மாட்டா. ஒம் பேரப் போட்டுக்கவா?"

"எனக்கு என்னண்ணே தெரியும்?"

"ஒனக்குத் தெரியாதது என்ன இருக்கு இங்க? பேருக்குத்தான். கையெழுத்து ரெண்டு போட்டாப் போதும்."

அவள் போட்டாள். சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். அவள் பெயரும் பதவியும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு பெட்டி விசிட்டிங் அட்டையும் கொடுத்தார். அதில் ஒன்றை அவள் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சவரியம்மா அதை மாதா படத்துக்குக் கீழே செருகி வைத்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில், கோயிலில், பஸ்ஸில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"டிரெக்டர்னா என்ன வேலை, சவரி?" என்று யாரோ கேட்டதற்கு, "மொதலாளிக்குச் சரிசமம்" என்று சொன்னாளாம். டோரீன் அதைத் திருத்தவில்லை. அம்மாவின் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு திருத்த மனசு வரவில்லை என்று என்னிடம் சொன்னாள். கொஞ்சம் தனக்கும் பிடித்திருந்தது என்றும் சொன்னாள்.

உண்மையில் அவளுக்குக் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம்கூட இல்லை. பழையபடி அதே முன் மேசை. வாங்குகிறவர்களிடம் விலைக்கு மேல் போடும் வற் வரியும் சேர்த்துத்தான் பில் அடித்தாள். அந்த வரி அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அவள் வேலை இல்லை. வரித் திணைக்களத்திலிருந்து உறைகள் வந்தால், "என் மேசையில வச்சிரு" என்பார் இக்னேசியஸ். அவள் வைத்துவிடுவாள்.

நாட்டில் பெட்ரோலும் மின்சாரமும் இல்லாமல் போன வருஷத்தில் கம்பெனி படுத்தது. டொலர் இல்லை, பொதி செய்யும் பேப்பர் இல்லை, ஹோட்டல்களில் ஆள் இல்லை. இக்னேசியஸ் பெண்பிள்ளைகளுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார். பிறகு மனைவி பிள்ளைகளோடு இத்தாலிக்குப் போனார். போகும்போது டோரீன் வீட்டுக்கு வந்து அனுஷ்காவின் நெற்றியில் சிலுவை போட்டு, கையில் கொஞ்சம் காசும் வைத்துவிட்டுப் போனார். கம்பெனி இருந்த இடத்தை ஒரு போன் கடைக்காரர் வாடகைக்கு எடுத்தார். டோரீன் ஒரு டியூஷன் நிலையத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள்.

சவரியம்மா இதற்கு முன்பே பென்ஷன் வயது வந்து தோட்டத்திலிருந்து பேரை வெட்டிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கக் கொழுந்தெடுத்ததற்கு ஈ.பி.எஃப் காசும் சேவைக் காசும் மொத்தமாக வந்தது. லயத்தில் அவ்வளவு காசை வைத்திருக்க முடியாது. சவரியம்மாவுக்கு அடிக்கடி அட்டனுக்கு வந்து பேங்கில் நிற்கவும் உடம்பு ஒத்துழைக்காது. அதனால் அம்மா, மகள் இரண்டு பேர் பெயரிலும் கூட்டுக் கணக்கில் நிலையான வைப்பாகப் போட்டார்கள். முதல் பெயர் டோரீன்.

அந்தக் காசுக்கு ஒரு வேலை ஏற்கெனவே இருந்தது. வீடு கட்ட அரசாங்கத்திலிருந்து ஏழு பேர்ச் அளவு நிலம் கிடைத்திருந்தது. சூசை அத்திவாரம் வெட்டி வைத்திருந்தான். ஆனால் அந்த வருஷம் சீமெந்து மூட்டை யானை விலை. "விலை இறங்கட்டும், பேங்க்ல இப்ப நல்ல வட்டி குடுக்குறான்" என்று டோரீன்தான் நிறுத்தினாள். கணக்குப்படி அவள் சொன்னது சரி. சூசைக்கு அப்போதே பிடிக்கவில்லை. மழை பெய்து அத்திவாரக் குழியில் மண் சரிந்தது. அவன் திரும்பவும் வெட்டினான்.

விலை கொஞ்சம் இறங்கியதும், வைப்பை உடைத்துக் காசை எடுக்க டோரீன் பேங்குக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு எழுந்து மேனேஜரின் அறைக்குப் போனாள். மேனேஜர் டோரீனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே பயம் வந்துவிட்டது என்றாள்.

"மிஸ், உங்க கணக்குக் காச வரித் திணைக்களம் கேட்டு அறிவித்தல் அனுப்பியிருந்தாங்க. சட்டப்படி நாங்க அனுப்பித்தான் ஆகணும்."

"எந்தக் காசு?"

"இருந்ததெல்லாம்."

"அது எங்க அம்மா காசு, சேர்."

"உங்க பேர்தானே மிஸ் முதல்ல இருக்கு."

மறுநாள் அவளும் அன்டனும் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி சிங்களத்தில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். கம்பெனி வருஷக்கணக்காக வற் வரி கட்டவில்லை என்றும், கம்பெனியில் எடுக்க ஒன்றும் இல்லை என்றும், நிர்வாகம் செய்தவர்களிடமிருந்து அறவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றும் சொன்னார். ஒரு டிரெக்டர் நாட்டில் இல்லை. மற்ற டிரெக்டர் இங்கே இருக்கிறார்.

"நான் பேருக்குத்தான் இருந்தேன், சேர். எனக்கு ஒரு அதிகாரமும் கெடயாது."

"பேருக்கு ஒரு டிரெக்டர், வேலைக்கு ஒரு டிரெக்டர்னு எங்ககிட்ட ரெண்டு வகை இல்ல."

"எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல? எங்கிட்ட ஏன் கேக்கல?"

அவர் கோப்பைப் புரட்டினார். எல்லா அறிவித்தலும் கம்பெனி விலாசத்துக்குப் போயிருந்தது. அதாவது, போன் கடைக்கு. அந்தக் கடைக்காரர் யாருடையதோ என்று குப்பையில் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பேங்கில் எடுத்தது மொத்த வரியில் ஒரு மூலைக்குத்தான் போதும். மீதிக்கு நீதவான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. பொலிஸ்காரர் ஒருவர் பகல் நேரத்தில், அயலெல்லாம் பார்க்க, அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை டோரீன் டயகமவுக்குப் போனாள். அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அன்டனும் கூடப் போனான், அவன் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். சவரியம்மா எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் கேட்டாள்:

"மொதலாளி கட்டாத வரிக்கு எங் காச ஏன் எடுக்குறாங்க?"

"நான் டிரெக்டரா இருந்தேன்ல அம்மா."

"அப்ப டிரெக்டருக்கு வந்த லாபம் எங்க?"

"லாபம்னு ஒண்ணும் வரல. சம்பளம் மட்டுந்தான்."

சூசை வாசலில் நின்றுகொண்டிருந்தான். "லாபம் இல்லாமலா அக்கா, அந்த மனுசன் இத்தாலி போறப்ப ஒங்க வூட்டுக்கு வந்து காசு குடுத்துட்டுப் போனாரு?" என்றான்.

அது ஞானமகளுக்குக் கொடுத்த ஐயாயிரம் ரூபாய். டோரீன் அதைச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது என்றாள். சவரியம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. அன்டனுக்கு அதுதான் மிகவும் சுட்டது.

அடுத்த மாதத்துக்குள் லயம் முழுக்கக் கதை வேறு விதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. டோரீனும் இக்னேசியசும் சேர்ந்து அரசாங்கத்தை ஏமாற்றினார்கள், ஆள் ஓடிவிட்டார், இவள் மாட்டிக்கொண்டாள், பெத்தவள் காசைக் கொடுத்துத் தப்பப் பார்க்கிறாள். பொலிஸ் வந்தது, கோர்ட்டுக்குப் போகிறாள், பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

டோரீன் யார் யாரையோ பிடித்து இக்னேசியசின் இத்தாலி நம்பரை எடுத்தாள். அவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கேள்விப்பட்டேன் தங்கச்சி. மனசே சரியில்ல. நான் இங்க வயசான ஒருத்தரப் பாத்துக்குற வேலைக்குப் போறேன். கையில ஒண்ணும் நிக்குதில்ல. கொஞ்சம் சமாளிச்சுக்க. டிசம்பர்ல நத்தாருக்கு வரும்போது எல்லாத்தையும் முடிச்சுத் தாறேன்."

"காசு வேணாம்ணே. ஒரு காகிதம் எழுதிக் குடுங்க. டோரீன் பேருக்குத்தான் இருந்தா, வரி விஷயம் ஒண்ணும் அவளுக்குத் தெரியாதுன்னு. அது போதும்."

பின்னால் ஒரு கிழவரின் இருமல் கேட்டது.

"அப்படி எழுதுனா எல்லாம் என் தலையில வந்துரும் தங்கச்சி. நான் திரும்பி நாட்டுக்கு வரவேணாமா?"

"இப்ப என் தலையில இருக்குண்ணே."

"கோச்சுக்காத. நான் ஒனக்காக ஜெபம் பண்றேன்."

அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

நீதவான் நீதிமன்றத்தில் அவளுக்காக நின்றவர் தனுஷன் என்ற இளம் சட்டத்தரணி. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைதான். அங்கே டோரீன் தன் கதையைச் சொல்லத் தயாராகப் போயிருந்தாள். இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். நீதவான் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னது இவ்வளவுதான்: இந்த வரி சரியா, பிழையா, இவர் கட்ட வேண்டியவரா என்று விசாரிக்கச் சட்டம் இந்த மன்றுக்கு இடம் தரவில்லை. இவ்வளவு வரி பாக்கி என்று திணைக்களம் சான்றிதழ் தந்தால் அபராதத்தைப் போல அறவிட வேண்டும். கட்டாவிட்டால் சிறை. காரணம் காட்ட ஒரு தவணை தருகிறேன்.

வெளியே வந்து படியில் நின்றபோது தனுஷன் சொன்னான்:

"அக்கா, இங்க பேசிப் பிரயோசனம் இல்ல. கொழும்புல மேன்முறையீட்டு நீதிமன்றத்துல ரிட் மனுப் போடணும். அதிகாரிங்க எடுத்த முடிவு சட்டப்படி எடுத்த முடிவான்னு அவங்க பாக்கலாம்."

"அங்க என் கதையக் கேப்பாங்களா?"

"கதையக் கேக்க மாட்டாங்க. நீங்க வரி கட்டணுமா வேணாமான்னும் சொல்ல மாட்டாங்க. ஒங்ககிட்டக் கேக்காம முடிவெடுத்தது சரியான்னு மட்டுந்தான் பாப்பாங்க."

"அப்ப நான் தப்புப் பண்ணுனேனா இல்லையான்னு யாருமே பாக்க மாட்டாங்களா?"

தனுஷன், செலவு எவ்வளவு ஆகும் என்று சொன்னான். தன் பங்குக்கு ஒன்றும் வேண்டாம், கொழும்பில் ஒரு மூத்த சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டும் என்றான்.

அன்டன் ஆட்டோவை விற்றான். தவணைக் காசு கட்டி முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆட்டோ. யாரும் அவனை விற்கச் சொல்லவில்லை. ஒரு பகல் நடந்து வீட்டுக்கு வந்தான், காசை டோரீனிடம் கொடுத்தான், கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அன்றிலிருந்து வேறொருவரின் ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். அனுஷ்கா உயர்தரம் முடித்துத் தாதியர் பயிற்சிக்கு ஒரு தனியார் இடத்தில் சேர இருந்தாள். கட்டணம் கட்டும் தேதி போய்விட்டது. நுவரெலியாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காசாளர் வேலைக்குப் போனாள். இரண்டு பேரும் டோரீனிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அன்டனும் அனுஷ்காவும் சொல்லாமல் இருப்பதே தன்னைக் கொல்கிறது என்று ஒரு முறை மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாள். அந்த உறைகளைப் பிரித்துப் பார்த்திருக்கலாமே என்று நினைத்தும் சொல்லாத மூன்றாவது ஆள் நான்.

கொழும்பில் புதுக்கடை நீதிமன்றத்துக்கு நாங்கள் போன முதல் தடவை, மனுவை எடுத்துக்கொண்டு இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்தார்கள். வழக்கு முடியும் வரைக்கும் அட்டனில் அவளிடம் அறவிடக் கூடாது. ஜெயிலுக்குப் போகும் பயம் அன்றோடு போனது. பஸ்ஸில் வரும்போது கித்துள்கலையில் இறங்கி இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் தவணை. ஒரு முறை எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. ஒரு முறை நீதிபதி லீவு. ஒரு முறை எங்கள் மூத்த சட்டத்தரணியே வேறு வழக்கில் நின்றார். நாங்கள் போய், மரபெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, புதுத் தேதியோடு திரும்பி வருவோம். டியூஷன் நிலையத்தில் அவள் சம்பளத்தை வெட்டினார்கள்.

வாதம் நடந்த நாளில் திணைக்களத்துக்காக வந்த அரச சட்டத்தரணி நன்றாகப் பேசினார். இந்தப் பெண்ணுக்கு ஆட்சேபணை இருந்தால் திணைக்களத்துக்குள்ளேயே மேன்முறையீடு செய்திருக்க வேண்டும், அதற்குச் சட்டத்தில் வழியும் காலக்கெடுவும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு நேரே இங்கே வந்தது பிழை என்றார். கேட்கும்போது அது நியாயம் மாதிரித்தான் இருந்தது.

இரண்டு நீதிபதிகளில் மூத்தவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மையார், கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மேன்முறையீடு செய்வதற்கு, முதலில் ஒரு முடிவு இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அவருக்கு எப்போது அறிவித்தீர்கள்?"

"கம்பெனியின் பதிவு விலாசத்துக்கு அறிவித்திருக்கிறோம்."

"நான் கம்பெனியைக் கேட்கவில்லை. இவரை."

அரச சட்டத்தரணி பின்னால் இருந்த அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி கோப்பைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். நான் டோரீனின் காதில் மெதுவாகத் தமிழில் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என் கையைப் பிடித்திருந்தவள், அந்தப் பக்கங்கள் புரளும் சத்தம் நிற்கும் வரைக்கும் விடவில்லை.

தீர்ப்பு வர இன்னும் பல மாதங்கள் ஆயின. அவள் வென்றாள். கம்பெனியை நிர்வகித்தவர் என்று ஒருவரைத் தீர்மானித்து அவருடைய சொந்தக் காசை எடுக்கும் முன், அவரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆகவே அந்த முடிவும், அதை வைத்துப் பேங்குக்கு அனுப்பிய அறிவித்தலும், நீதவானிடம் கொடுத்த சான்றிதழும் ரத்து.

அதோடு தீர்ப்பின் கடைசியில் இன்னொரு பந்தியும் எழுதியிருந்தது. இவர் வரிக்குப் பொறுப்பானவரா இல்லையா என்று இந்த நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லை. திணைக்களம் விரும்பினால், அவருக்குரிய சந்தர்ப்பத்தைக் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து விசாரிக்கலாம். ஏற்கெனவே எடுத்த பணம் அந்த விசாரணையின் முடிவைப் பொறுத்தது.

அதை வாசித்து முடித்ததும் டோரீன் கேட்டாள்: "அப்ப ஜெயிச்சுட்டேனா, டீச்சர்?"

"ஜெயிச்சுட்டீங்க."

"காசு?"

நான் அந்தப் பந்தியைத் திரும்பவும் வாசித்துச் சொன்னேன்.

டயகமவுக்கு அவள் தீர்ப்பின் பிரதியை எடுத்துக்கொண்டு போனாள். முப்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். சவரியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல நீ களவெடுக்கலன்னு எழுதியிருக்கா?"

"அப்படி எழுத மாட்டாங்கம்மா. அவங்க செஞ்சது பிழைன்னு எழுதியிருக்காங்க."

"எங் காசு திரும்பி வருமா?"

"விசாரிச்சுட்டுத்தான் சொல்லுவாங்க."

"அப்ப வந்தப்புறம் சொல்லு" என்றாள் சவரியம்மா.

திணைக்களம் மீண்டும் விசாரிக்கத் தீர்மானித்தது. இந்தத் தடவை அறிவித்தல் சரியாக எங்கள் வீட்டு விலாசத்துக்கு, பதிவுத் தபாலில் வந்தது. விசாரித்தவர் தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி. முன்பு இருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். காசோலையில் யார் கையெழுத்துப் போட்டது, வரிப் படிவத்தை யார் நிரப்பியது, லாபத்தில் பங்கு எடுத்தீர்களா, உங்கள் சம்பளம் என்ன, கடிதம் வந்தால் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டோரீன் பதில் சொன்னாள். பேங்கிலிருந்து பழைய காசோலைகளின் விவரத்தைத் தனுஷன் எடுத்து வைத்திருந்தான். ஒன்றில்கூட டோரீனின் கையெழுத்து இல்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எழுந்து வரும்போது அந்த அதிகாரி, "இத அப்பவே கேட்டிருக்கலாம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் டோரீன் அழுதாள். அதற்கு முன் எங்கேயும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அலுவலக வாசலில் பூச்சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு அழுதாள்.

அவள் பொறுப்பாளி இல்லை என்று முடிவு வந்தது. காசைத் திரும்பக் கொடுக்க விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அதற்கு ஒரு பத்திரம், பிறகு அந்தப் பத்திரத்தில் விட்டுப்போன ஒன்றுக்கு இன்னொரு பத்திரம். கடைசியில் பேங்குக் கணக்கில் விழுந்தது. எடுத்த தொகை அப்படியே வந்தது. இடையில் பேங்கில் கிடைத்திருக்க வேண்டிய வட்டி இல்லை. ஆட்டோ இல்லை. மூத்த சட்டத்தரணிக்குக் கொடுத்தது திரும்பாது. வழக்குச் செலவைப் பற்றித் தீர்ப்பில் உத்தரவு ஒன்றும் இருக்கவில்லை.

காசு வந்த அன்றே அவள் சூசைக்குப் போன் செய்தாள். "காச எடுக்கணும், அம்மாவக் கூட்டிக்கிட்டுப் பேங்குக்கு வா. அன்னைக்கு வூட்டுலயே சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கோழி வாங்கி வரச் சொல்லி அன்டனிடம் சொல்லிவிட்டு, அனுஷ்காவை லீவு போடச் சொன்னாள்.

சவரியம்மா வெள்ளைச் சீலை கட்டி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு பேங்குக்கு வந்தாள். மெலிந்து போயிருந்தாள். டோரீன் குனிந்து காலைத் தொட்டாள். அம்மா அவள் தலையில் கை வைத்தாள், எடுத்தாள். மேனேஜரின் மேசைக்கு முன் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இப்ப என்ன செய்யணும் அம்மா?" என்று மேனேஜர் கேட்டார்.

சவரியம்மா மகளைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த கல்குலேட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பேர மாத்தணுங்க. மக பேர எடுத்துட்டு மகன் பேரப் போடுங்க."

மேனேஜர் டோரீனைப் பார்த்தார். அவருக்கு முழுக் கதையும் தெரியும். "இந்தக் காசு திரும்பி வந்ததே இவங்க போராடித்தான் அம்மா. இவங்க ஒரு பிழையும் செய்யல" என்றார்.

"தெரியுங்கய்யா. சூசை சொன்னான்." சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வயசு போயிருச்சுங்க. இனி எனக்குப் பயம் தாங்காது" என்றாள்.

சூசை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வென்ற மாதிரி ஒன்றும் இல்லை. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேண்டாம் என்றும் அவன் சொல்லவில்லை.

கணக்கை மாற்ற டோரீனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். மேனேஜர் பேனாவை நீட்டினார். அவள் எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் போட்டாள். இரண்டாவது பக்கத்திலும் ஒன்று போடச் சொன்னார்கள். அங்கேயும் போட்டாள்.

வெளியே வந்ததும் அவள், "வாங்கம்மா, சோறாக்கி வச்சிருக்கேன்" என்றாள்.

"டயகம பஸ் போயிரும் புள்ள. இன்னொரு நாளைக்கு வாறேன்."

"அடுத்த பஸ் இருக்கும்மா."

"மழை வரப்போகுது" என்றாள் சவரியம்மா. வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. சூசை அவளை ஏற்றி ஜன்னல் பக்கம் உட்கார வைத்தான். பஸ் திரும்பும் வரைக்கும் டோரீன் நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களாவது வந்து சாப்பிடுங்க, டீச்சர்" என்றாள்.

நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அனுஷ்கா கடையில் நடந்த ஏதோ ஒன்றைச் சொன்னாள், அன்டன் சிரித்தான். டோரீன் எல்லோருக்கும் கறி போட்டாள். அம்மாவுக்கென்று எடுத்து வைத்த பங்கை மூடி ஒரு துணியில் கட்டினாள். மறுநாள் காலையில் அன்டன் அதை டயகம பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை.